தோபிதா கஸுயேயின் மறைவு வரிகள்

தோபிதா கஸுயே தன்னைப் பற்றிச் சொல்லும்போது, தனக்குக் கணினி தெரியாது என்றுதான் ஆரம்பிப்பாள். ஐம்பத்தாறு வயதில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வருடத்துக்கு ஒரு மின்னூல் வெளியிடுகிறவள் அப்படிச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவள் சிரிக்கமாட்டாள். தெரிந்தது ஒரே ஒரு வேலை, அதைத்தான் இரண்டு இடத்தில் செய்கிறேன் என்பாள்.

அந்த வேலை, சீட்டு குத்துவது. அகபானே ரயில் நிலையத்துக்கு வடக்கே, பொதுக் குளியல் கூடத்தை ஒட்டிய சலவைக் கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கவுன்டரில் நிற்கிறாள். கோட்டை வாங்கிப் பையைத் துழாவி, காலரில் எண் சீட்டு குத்துவாள். கறை இருந்தால் மஞ்சள் சீட்டு, பொத்தான் தளர்ந்திருந்தால் நீலச் சீட்டு. சீட்டைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் வேலையை முடிப்பார்கள். துணி வீட்டுக்குப் போகும்போது அதில் சீட்டு இருக்கக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் மழைக்கோட்டில் மெல்லிய கையேடு ஒன்று கிடைத்தது. வெறும் எழுத்துக் கோப்பிலிருந்து மின்னூல் செய்வது எப்படி என்பது பற்றியது. கோட்டுக்காரர் மென்பொருள் ஆசாமி. தன்னிடம் இன்னும் நாற்பது பிரதி விற்காமல் கிடக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கஸுயே அதைப் புரட்டினாள். தலைப்புக்கு முன்னால் ஒரு சமக்குறி. பட்டியலுக்கு நட்சத்திரக்குறி. புத்தகத்தில் வரக்கூடாத வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு. பிறகு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் ஒரு மென்பொருள் கருவி குறிகளை எல்லாம் பார்த்துப் புத்தகத்தைக் கட்டி வெளியே தள்ளும். அட, இது நம்ம தொழில் அல்லவா என்று நினைத்தாள்.

நினைத்தது சுலபம். முதல் மூன்று வாரம் கருவி அவளைச் சிவப்பு எழுத்தில் திட்டியது, அவள் கருவியை வாயால் திட்டினாள். நான்காம் வாரம் சளைத்தது கருவிதான். நீளமான கட்டளையை ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டியதில்லை, மேல் அம்பு விசையை அமுக்கினால் முன்பு கொடுத்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்பதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் எந்தக் கட்டளையையும் முழுதாக அடித்ததே இல்லை. சோம்பேறிக்குச் சொர்க்கம் மேல் அம்பில் இருந்தது. வம்பும் அங்கேதான் இருந்தது, அது பின்னால் தெரிந்தது.

கருவி வந்தாயிற்று, கட்டுவதற்குப் புத்தகம் வேண்டாமா? அதைக் கொண்டுவந்தவர் முராகோஷி தெய்ஜி. நிலைய நடைமேடைகளில் சோபா என்கிற நூடுல்ஸைச் சூடான குழம்பில் போட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிற கடைகள் இருக்கின்றனவே, அப்படி ஒரு கடையில்தான் இருவரும் பழக்கமானார்கள். அன்றைக்குக் கடையில் மிச்சம் இருந்த கடைசிக் காகியாகே, அதாவது வெங்காயமும் கேரட்டும் போட்டுப் பொரித்த வடை, கஸுயேயின் கிண்ணத்தில் விழுந்தது. அடுத்து வந்து நின்ற பெரியவர் அதையே பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காதவர்போலத் தன் வெறும் சோபாவைப் பார்த்தார். எண்ணெய் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி அதை அவர் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டாள். பச்சைப் பொய்.

முராகோஷிக்கு அப்போது அறுபத்திரண்டு. முப்பத்தெட்டு வருடம் ரயில் நடத்துனராகக் கடைசிப் பெட்டியில் நின்று கதவு மூடியவர். ரயில்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: எதைச் சரிபார்த்தாலும் அதை நோக்கி விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சமிக்ஞை பச்சை, சரி. கதவு மூடியது, சரி. முராகோஷி ஓய்வு பெற்றாரே தவிர விரல் ஓய்வு பெறவில்லை. தெருவைக் கடக்கும்போது நீட்டுவார், அடுப்பை அணைத்துவிட்டு நீட்டுவார், சோபாவில் வெங்காயத்தாள் விழுந்ததா என்றும் நீட்டுவார். நாலு நோட்டுப் புத்தகம் நிறைய நடைமேடைச் சோபா கடைகளைப் பற்றிக் குறித்து வைத்திருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு கடைகள். அதை மின்னூலாக்கலாம் என்று கஸுயே சொன்னபோது, ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுக் குனிந்து வணங்கினார்.

அப்படி வருடம் ஒன்றாக நாலு புத்தகம் வந்தது. அவர் எழுதிக் குறி போட்டு மின்னஞ்சலில் அனுப்புவார். கறுப்புத் திரை பக்கமே வரமாட்டார். இவள் திருத்திக் கட்டுவாள். வருடத்துக்கு ஒரு தடவை தொழில்நுட்பக்காரர்கள் தாங்களே செய்த புத்தகங்களைக் கடை பரப்பி விற்கிற சந்தையில் ஒரு மேசை பிடிப்பார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு சீட்டு கொடுப்பார்கள், அதில் உள்ள எண்ணைப் போட்டு அவர்கள் புத்தகத்தை இறக்கிக்கொள்ளலாம். எழுத்துக் கோப்பில் சோபாவா என்று கேட்டவர்களும் வாங்கிப் போனார்கள்.

ஆனால் முராகோஷியின் எழுத்து இருக்கிறதே, அது ரயில் கால அட்டவணைக்கு ஒன்றுவிட்ட தம்பி. "மூன்றாம் நடைமேடை. படிக்கட்டிலிருந்து பதினான்கு அடி. குழம்பு கறுப்பு. 7.41 வண்டிக்கு முன் சாப்பிட்டு முடிக்கலாம்." பக்கம் பக்கமாக இப்படித்தான். கஸுயேவுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒரு கடை தேடிப் போவது பிடிக்கும். வாரம் முழுக்கக் கவுன்டரில் அதற்காகத்தான் நின்றாள் என்றே சொல்லலாம். அவருடைய வாக்கியங்களோடு தனியாக உட்கார்வதுதான் கஷ்டம். அதை அவரிடம் சொல்லவும் முடியாது. முன்பு ஒரு ஹைக்கூ குழுவில் இருந்தார். அவர் படித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். டீ எடுக்கப் போய்த் திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார், குனிந்து வணங்கினார், வெளியே போனார். ஒன்பது வருடமாகியும் அந்தக் கட்டிடம் இருக்கிற பக்கம் நடப்பதில்லை.

சொல்ல முடியாததை என்ன செய்வது? கஸுயே வரிக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு, கோப்பிலேயே எழுதிவைத்தாள். புத்தகத்தில் வராது, மனப்பாரம் குறையும். ஐந்தாம் புத்தகத்தில் மட்டும் அப்படி நாற்பத்தொரு வரி.

"// இங்கே நான் தூங்கிவிட்டேன்."

"// மறுபடியும் குழம்பு கறுப்பு. வெள்ளைக் குழம்பு இருந்தால் மட்டும் சொல்லவும்."

"// 7.42 வண்டியே போய்விட்டது, இந்த வாக்கியம் இன்னும் கிளம்பவில்லை."

"// கிண்ணத்தைப் பார்த்து விரல் நீட்டுகிறாராம். சோபா என்ன, எதிர் பக்கம் ஓடிவிடுமா?"

இந்த மறைவு வரிகளையும் சேர்த்துக் காட்டுவதற்குக் கருவியில் ஒரு வழி இருந்தது. கட்டளையின் கடைசியில் வரைவு என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், மறைந்திருப்பதெல்லாம் சாம்பல் நிற எழுத்தில் எழுந்து வந்துவிடும். திருத்துகிற நாட்களில் கைபேசியில் படித்துப் பார்ப்பதற்காக அவள் அப்படித்தான் கட்டுவாள். கடைசியில் அந்தச் சொல் இல்லாத கட்டளையைக் கொடுப்பாள். வாசகருக்குப் போவது சீட்டு நீக்கிய சட்டை. என்டரைத் தட்டும் முன்னால் திரையைப் பார்த்து விரல் நீட்டி ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று முராகோஷி பல தடவை சொல்லியிருந்தார். அவள் அதற்கும் ஒரு மறைவு வரி எழுதியிருந்தாள்.

சந்தைக்கு முதல் நாள் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு முராகோஷியிடமிருந்து முடிவுரை வந்தது. ஒன்பதுக்குக் கடை திறக்க வேண்டும். அவர் முடிவுரை எப்படி இருக்கும் என்று தெரியாதா, எந்தக் கடை எந்தத் தேதியில் மூடப்பட்டது என்ற பட்டியல்தானே? படிக்காமலே கோப்புறையில் போட்டாள். மேல் அம்பை அமுக்கினாள். நாலு தடவை அமுக்கியிருக்க வேண்டும், மூன்றோடு நிறுத்திவிட்டாள். இரண்டு கட்டளையும் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கும், கடைசிச் சொல்லில்தான் வித்தியாசம். என்டர். புத்தகம் வந்தது. அட்டையைப் பார்த்தாள், பொருளடக்கத்தைப் பார்த்தாள், விற்பனைத் தளத்தில் ஏற்றினாள், கடைக்கு ஓடினாள்.

ஞாயிறு பதினோரு மணிக்குச் சந்தை திறக்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னதும் மண்டபத்தில் இருந்த அத்தனை மேசைக்காரர்களும் வழக்கம்போலக் கை தட்டினார்கள். முராகோஷி பழைய தொப்பியும் வெள்ளைக் கையுறையும் போட்டு, "இந்த மேசை, நின்றபடி சோபா, ஐந்தாம் புத்தகம்" என்று நிலைய அறிவிப்புக் குரலில் கூவிக்கொண்டிருந்தார். கூட்டம் நன்றாகவே வந்தது. பக்கத்து மேசை சுனாகா, விசைப்பலகைகளின் சத்தத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிற முப்பது வயதுக்காரர். பக்கத்து மேசைக்காரர்கள் புதுப் புத்தகத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது அங்கே மரியாதை, காலையிலேயே மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு மணி இருக்கும். முராகோஷி கைகழுவப் போயிருந்தார். சுனாகா தன் டேப்லெட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பதைக் கஸுயே பார்த்தாள். சோபா புத்தகத்தைப் படித்து இதுவரை யாரும் சிரித்ததில்லை.

"தோபிதா-சான், இந்தத் தடவை பின்னிட்டீங்க. அந்தச் சாம்பல் எழுத்துல வர்ற குரல் இருக்கே, அவர் அட்டவணை மாதிரி சொல்லிட்டே போறாரு, கீழேருந்து ஒருத்தங்க 'தூங்கிட்டேன்'ங்குறாங்க. யாரோட ஐடியா?"

கஸுயே சுனாகாவின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். நாற்பத்தொன்றும் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை.

முராகோஷிக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. சந்தை முடிந்து வீடு திரும்புகிற ரயிலில், புதுப் புத்தகத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார். ஐந்து மணிக்குச் சந்தை முடியும். ஐந்தரைக்கு வண்டி. அதற்குள் சரியான புத்தகத்தைக் கட்டி ஏற்றிவிட்டால் அவர் கண்ணில் எதுவும் படாது. இதுவரை இறக்கிக்கொண்ட முப்பத்தாறு பேர் அவரிடம் வந்து சொல்லப்போகிறார்களா என்ன? அவர் தொப்பியை எடுத்து வைத்துக் குனிந்து வணங்கும் காட்சி அவள் கண்முன்னே வந்தது. இந்த மனிதர் போய்விட்டால் தன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் மிஞ்சாது என்பது அவளுக்கு அப்போது பளிச்சென்று தெரிந்தது. மேசைக்கு அடியில் மடிக்கணினியைத் திறந்தாள்.

கட்டளை கொடுக்கும் முன், சேதம் எவ்வளவு தூரம் என்று பார்க்கலாம் என்று கடைசிப் பக்கங்களுக்குப் போனாள். முடிவுரை. நினைத்தபடியே மூடிய கடைகளின் பட்டியல். நடுவில் சாம்பல் எழுத்து. இந்த வரிகள் அவள் எழுதியவை அல்ல. குறி அட்டவணையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். இரண்டு சாய்கோடு போட்டால் மறையும் என்பதை அவர் மறக்கவில்லை.

"// இந்த இடத்தில் தோபிதா-சான் தூங்கிவிடுவார். தூங்கட்டும். வாரம் முழுக்க நிற்கிறவர்."

"// எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்று காகியாகேயைக் கொடுத்தார். அடுத்த வாரம் இரண்டு சாப்பிட்டார். பார்த்தேன். கேட்கவில்லை."

பிறகு கடைசியில் நாலு வரி.

"// முப்பத்தெட்டு வருடம் கடைசிப் பெட்டியில் நின்றேன்."

"// எல்லோரும் இறங்கிப் போவதைப் பார்ப்பது என் வேலை."

"// பக்கத்தில் ஒருவர் வந்து நின்றது சோபா கடையில்தான்."

"// இந்தப் புத்தகம் வருடா வருடம் வர வேண்டும்."

அதன் கீழே, "// மிகையாக இருக்கிறது. மறைத்துவிடவும்."

கஸுயே அந்த நாலு வரியையும் மூன்று தடவை படித்தாள். அழுகை வந்தது, ஆள் நடமாட்டத்துக்கு நடுவே அழக்கூடாது என்பதால் சீட்டுகளை அடுக்கினாள். இப்போது மேல் அம்பை அமுக்கிச் சரியான கட்டளையைக் கொடுத்தால் தன் குற்றம் மறைந்துவிடும். ஆனால் இந்த மனிதர் யாரிடமும் காட்டாமல் வைத்திருந்ததை முப்பத்தாறு பேர் படித்துவிட்டார்கள், அது அவருக்குத் தெரியாமலே இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்த்தால், அதில் பாதி அவருடைய பூசணிக்காய்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவள் எழுந்து நின்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"முராகோஷி-சான், தப்பு பண்ணிட்டேன். கட்டளைய மாத்திக் குடுத்துட்டேன். மறைச்சு வச்ச வரியெல்லாம் புத்தகத்துல வந்துடுச்சு. நான் உங்களப் பத்தி எழுதினது, நீங்க எழுதினது, எல்லாம். முப்பத்தாறு பேர் படிச்சாச்சு."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார், படிக்கிற கண்ணாடியை எடுத்தார், நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம். வந்தவர்களுக்குச் சீட்டு கொடுத்த கஸுயே ஒருவருக்கு இரண்டு கொடுத்தாள், ஒருவரிடம் நன்றி சொல்ல மறந்தாள். சுனாகா தன் மேசையில் வைத்திருந்த விசைப்பலகைகளைக்கூடத் தட்டாமல் இருந்தார்.

முராகோஷி கண்ணாடியைக் கழற்றினார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தாள் கஸுயே.

"பதினாறாவது குறிப்பு தப்பு," என்றார் அவர். "அது 7.42 இல்ல. 7.41."

"என்னது?"

"7.42க்கு அங்க வண்டியே கெடையாது. மத்தபடி ஒண்ணும் தப்பு இல்ல. தூங்கிட்டேன்னு மூணு எடத்துல போட்டிருக்கீங்க. அதுல ரெண்டு எடத்துல எழுதுறப்பவே நானும் தூங்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன் என்று மட்டும் சொன்னாள்.

முராகோஷி கையுறையை எடுத்து மாட்டி, இழுத்துச் சரிசெய்தார். "ஹைக்கூகாரங்க என் எழுத்தக் கேக்கவே இல்ல தோபிதா-சான். கேக்காமலே கை தட்டினாங்க, கேக்காமலே சிரிச்சாங்க. நீங்க நாப்பத்தோரு எடத்துல நின்னு திட்டியிருக்கீங்க. அவ்வளவு தூரம் என்கூட வந்து யாரும் படிச்சதில்ல." பிறகு, அதே அறிவிப்புக் குரலில், ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். "எண்ணெய் ஒத்துக்காதுன்னது பொய்தானே?"

"பொய்தான்."

"குறிச்சுக்கிறேன்."

பிறகு என்ன செய்வது என்று இருவரும் பேசினார்கள். சுனாகாவும் கூப்பிடாமலே வந்து பேசினார். சாம்பல் வரிகளை எடுத்தால் தான் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக மிரட்டினார். அவர் அதை வாங்கவே இல்லை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில் முராகோஷி முடிவு சொன்னார். சாம்பல் வரிகள் அப்படியே இருக்கட்டும். பதினாறாவதில் நேரத்தைத் திருத்த வேண்டும். "கடைசி நாலு வரி இருக்கே, அதுக்கு முன்னால இருக்கற சாய்கோட்ட எடுத்துடுங்க. அது சாம்பல்ல வேண்டாம். கறுப்புலயே வரட்டும்."

"அதுக்குக் கீழ ஒண்ணு இருக்கே, மிகையா இருக்குன்னு?"

"அது இருக்கட்டும். மிகைதானே."

கஸுயே கோப்பைத் திறந்து 7.42ஐ 7.41 ஆக்கினாள். நாலு வரியின் முன்னால் இருந்த எட்டுச் சாய்கோடுகளையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். சலவை முடிந்த கோட்டிலிருந்து சீட்டை அவிழ்க்கும்போது அவள் கை எவ்வளவு நிதானமாகப் போகுமோ அவ்வளவு நிதானமாகப் போனது. கறுப்புத் திரைக்கு வந்து மேல் அம்பை அமுக்கினாள். கட்டளை வந்து நின்றது, கடைசியில் வரைவு என்ற சொல்லோடு.

என்டருக்குப் போன விரலை அவள் பாதியில் நிறுத்தினாள். பக்கத்தில் நின்றவர் அதைச் சொல்லப்போகிறார் என்று தெரியும், அதற்கு முன்னால் தானே செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. கையை முழுதாக நீட்டி, திரையில் இருந்த சொல்லைக் காட்டி, மண்டபத்தில் நாலு மேசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வரைவு. சரி."

வெள்ளைக் கையுறை போட்ட விரல் ஒன்று அவள் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அடுத்த வருஷம்," என்றார் முராகோஷி. "சரி."

அவள் என்டரைத் தட்டினாள்.